ஜோசஃபின் பேக்கரின் வாழ்க்கையைச் சிறுவர்களுக்கு எங்கிருந்து சொல்லத் தொடங்குவது?

கதைசொல்லி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பத்து வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக, அமெரிக்காவில் பிறந்து பிரான்சில் புகழ்பெற்ற கறுப்பின ஆடல் பாடல் கலைஞர் ஜோசஃபின் பேக்கரின் வாழ்க்கையைச் சிறு நூலாக எழுதி வருகிறேன். கையெழுத்துப் படி ஏறத்தாழ முடிந்துவிட்ட நிலையிலும் அதில் ஏதோ ஒன்று ஒட்டாமல் நிற்பது எனக்கே தெரிகிறது. முதல் பாதியில் அவர் ஆடுகிறார், பாடுகிறார், பாரிஸ் நகரமே அவரைக் கொண்டாடுகிறது. இரண்டாம் பாதியில் இரண்டாம் உலகப் போர் வருகிறது, அவர் உளவு வேலை பார்க்கிறார், பிறகு நிறவெறியை எதிர்த்துக் குரல் கொடுக்கிறார். இதைச் சில பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டியபோது பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி, "இத்தனை நாளும் சந்தோஷமாக ஆடிக்கொண்டிருந்தவர் ஏன் திடீரென்று போராடப் போனார்?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வி எழும்படி எழுதியது என் குறை என்று அன்று இரவே புரிந்துகொண்டேன். "கலைஞராக இருந்து போராளியாக மாறியவர்" என்று நூலின் முகப்பில் எழுதியிருக்கிறேன். அந்த "மாறியவர்" என்ற சொல் சரிதானா என்பதே இப்போது என் ஐயம். எங்கே தொடங்கலாம், எதைச் சொல்லலாம், எதைப் பிள்ளைகளின் வயது கருதித் தள்ளி வைக்கலாம் என்று உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பழைய நூலகர் எழுதியது:

அந்தச் சிறுமிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நீங்கள் பாரிஸிலிருந்து தொடங்கியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். பெரும்பாலான சிறுவர் நூல்கள் அப்படித்தான் தொடங்குகின்றன. ஒளிவிளக்கும் கைத்தட்டலும் வாசகரை எளிதில் இழுத்துவிடும் அல்லவா? ஆனால் பேக்கரின் கதை அமெரிக்காவின் மிசோரி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள செயின்ட் லூயிஸ் நகரத்தில், 1906 ஜூன் 3 அன்று தொடங்குகிறது. தாய் துணி வெளுத்துப் பிழைத்தவர். மகள் எட்டு வயதிலேயே வெள்ளையர் வீடுகளில் வேலைக்குப் போனாள். ஒரு வீட்டில், துணி துவைக்கும்போது சோப்பை அதிகமாகக் கரைத்துவிட்டாள் என்பதற்காக எசமானி அவளுடைய கைகளைச் சுட்டாள் என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். எட்டு வயதுக் கைகளையும் ஒரு துண்டு சோப்பையும் பிள்ளைகளின் கண்முன் வைத்தாலே போதும். நிறவெறி என்றால் என்ன என்று தனியாக விளக்க ஒரு பத்தி வேண்டியிருக்காது.

அதைவிட முக்கியமானது 1917 ஜூலை 2. ஆற்றின் மறுகரையில் இல்லினாய் மாநிலத்தில் ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் என்ற தொழில் நகரம் இருக்கிறது. தெற்கிலிருந்து வேலை தேடி வந்த கறுப்பினத் தொழிலாளர்களை ஆலைகள் சேர்த்துக்கொண்டன. வேலைநிறுத்தத்தில் இருந்த வெள்ளைத் தொழிலாளர்களின் கோபம் ஆலை முதலாளிகள் மீது பாயாமல் இந்த ஏழைகள் மீது பாய்ந்தது. வீடுகள் தீயிடப்பட்டன. அரசுக் கணக்கின்படி இறந்த கறுப்பினத்தவர் 39 பேர். உண்மையில் 100க்கும் மேல் இருக்கும் என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். உயிர் தப்பியவர்கள் கையில் கிடைத்ததைச் சுருட்டிக்கொண்டு பாலங்களின் வழியே செயின்ட் லூயிஸுக்கு ஓடிவந்தார்கள். அப்போது பேக்கருக்குப் பதினொரு வயது, அதாவது உங்கள் வாசகரின் வயது. அந்தப் பாலத்தில் தொடங்குங்கள். அதன் பிறகு "ஏன் திடீரென்று" என்று எந்தப் பிள்ளையும் கேட்காது.

வரலாற்று மாணவி எழுதியது:

நூலகர் ஐயா சொன்ன இடத்தை நானும் ஏற்கிறேன். ஆனால் அதில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. பேக்கர் தம் வாழ்க்கையைப் பலமுறை, பல விதமாகச் சொன்னவர். தன்வரலாறு என்ற பெயரிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட நூல்கள் வந்துள்ளன, அவை ஒன்றோடொன்று முரண்படவும் செய்கின்றன. 1963ல் கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணி மேடையில் பேசியபோது, தாம் சிறுமியாக இருக்கையில் வீட்டை எரித்துத் துரத்தினார்கள் என்றும், பயந்து ஓடியவர் கடைசியில் வெகுதூரம் ஓடிப் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்ததாகவும் கூறினார். அவர் குடும்பம் வசித்தது ஆற்றின் இந்தப் பக்கம், எரிந்தது அந்தப் பக்கம். அப்படியானால் அவர் பொய் சொன்னாரா என்றால், அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கரையில் எரிந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள் இக்கரையில் அவருடைய தெருக்களில் தஞ்சம் புகுந்தார்கள். பதினொரு வயதுச் சிறுமி அந்தப் பயத்தைத் தன்னுடையதாகவே வாங்கிக்கொண்டாள். அது அவருடைய நினைவின் உண்மை. இருந்தாலும் நூலில் எழுதும்போது, நடந்தது எது, அவர் நினைவுகூர்ந்தது எது என்று பிரித்துக் காட்டுவது நம் கடமை. "என்று அவர் சொன்னார்" என்ற சொற்கள் ஒரு வரியில் கூடுதலாக வந்துவிட்டுப் போகட்டும். ஒருவரின் நினைவும் ஊரின் பதிவேடும் வேறுபடலாம் என்பதைப் பிள்ளைகள் இந்த வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

மேடை அனுபவசாலி எழுதியது:

நான் கூத்து மேடையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் வேறொரு பக்கத்தைச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் எல்லோரும் போராட்டத்தைத் தேடிப் பாலத்துக்குப் போகிறீர்கள். மேடையிலேயே அது இருந்தது என்பது என் கருத்து.

கறுப்பினக் கலைஞர்களே எழுதி நடித்த "ஷஃபிள் அலாங்" என்ற இசை நாடகத்தில் சேர விரும்பிப் போனபோது அவரை முதலில் எடுத்துக்கொள்ளவில்லை. வயது குறைவு, நிறம் அதிகம் என்று காரணம் சொல்லப்பட்டது. கறுப்பினத்தவர் நாடகத்திலேயே நிறம் அதிகம் என்று ஒதுக்கப்பட்டதைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம். அவர் உடை எடுத்துக் கொடுக்கும் பெண்ணாகக் குழுவோடு சேர்ந்துகொண்டு, திரைக்குப் பின்னால் நின்றபடியே எல்லா அடவுகளையும் கற்றுக்கொண்டார். ஆடும் பெண் ஒருத்திக்கு உடல்நலம் கெட்ட நாளில் இடம் கிடைத்தது.

கிடைத்த இடம் எது என்பதைக் கவனியுங்கள். வரிசையின் கடைசி இடம். அந்தக் கால அமெரிக்க மேடையில் ஆடுபவர் வரிசையின் கடைசிப் பெண்ணுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. அவள் அடவு மறந்தவளைப் போலத் தடுமாறிச் சிரிக்க வைப்பாள்; ஆட்டம் முடிந்து மறுபடி வரும்போது மற்ற எல்லோரையும் விடச் சிறப்பாக ஆடிக் காட்டுவாள். பேக்கர் கண்ணை மாறுகண்ணாக்கினார், முழங்கால்களை ஒன்றோடொன்று இடிக்க விட்டார், கால் சிக்கிக்கொண்டதைப் போலத் திணறினார். கூட்டத்தின் பார்வை முழுவதும் நடுவில் நின்ற நாயகியை விட்டுவிட்டுக் கடைசிப் பெண்ணிடம் வந்து நின்றது. இதை மேடையேறியவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்: தாளம் தப்பாமல் தப்புவதற்கு, தாளத்தை மற்றவரைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும். ஒதுக்கி நிறுத்திய இடத்திலிருந்தே எல்லோருடைய கண்ணையும் தன் பக்கம் திருப்பும் கலையை அவர் பதினாறு வயதில் கற்றுக்கொண்டார். பின்னால் அவர் செய்ததெல்லாம் அதே கலைதான் என்பேன். திருப்பிய கண்களுக்கு எதைக் காட்டினார் என்பது மட்டும் மாறிக்கொண்டே வந்தது.

கதைசொல்லி எழுதியது:

கடைசிப் பெண்ணைப் பற்றி என் படியில் ஒரு வரிகூட இல்லை. மிக்க நன்றி ஐயா. இப்போது நான் தயங்கும் இடத்துக்கு வருகிறேன். 1925 அக்டோபரில், பத்தொன்பது வயதில், பாரிஸில் ஷான்ஸ்-எலிசே நாடக அரங்கில் அவர் முதன்முதலாக ஆடியது ஏறத்தாழ ஆடையில்லாமல். அடுத்த ஆண்டு ஃபோலி பெர்ஜேர் அரங்கில் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது வாழைப்பழங்களைக் கோத்தது போன்ற பாவாடை. இதைச் சிறுவர் நூலில் எப்படிச் சொல்வது? விட்டுவிடலாமா?

ஆறாம் வகுப்பு ஆசிரியை எழுதியது:

விடக் கூடாது. இன்று எந்தப் பிள்ளையும் அவர் பெயரை இணையத்தில் தேடினால் முதலில் வருவது அந்தப் படம்தான். நாம் சொல்லாவிட்டால், பெரியவர்கள் எதையோ மறைத்தார்கள் என்ற எண்ணத்தோடு அதைப் பார்ப்பார்கள். நான் வகுப்பில் சொல்வது இவ்வளவுதான்: பாரிஸில் இருந்த பார்வையாளர்களுக்கு ஆப்பிரிக்கா என்றால் காடு, முரசு, பழம் என்று ஒரு கற்பனை இருந்தது. பிரான்ஸ் அப்போது ஆப்பிரிக்காவில் பெரும் நிலப்பரப்பைக் குடியேற்ற நாடுகளாகப் பிடித்து வைத்திருந்தது. அந்தக் கற்பனை அங்கிருந்து வந்தது. செயின்ட் லூயிஸ் நகரத்துப் பெண்ணான பேக்கர் அதுவரை ஆப்பிரிக்க மண்ணை மிதித்ததே இல்லை. அவர்கள் கேட்ட வேடத்தை அவர் போட்டார். போட்டுக்கொண்டே, இடையிடையே கண்ணை உருட்டி, கன்னத்தை உப்பி, அந்த வேடத்தையே கேலியும் செய்தார். அவர் அதில் எவ்வளவு ஆளப்பட்டார், எவ்வளவு ஆண்டார் என்பதில் அறிஞர்களுக்குள் இன்றும் ஒத்த கருத்து இல்லை. பிள்ளைகளிடம் அதைத் திறந்த கேள்வியாகவே விட்டுவிடலாம். என் வகுப்பில் ஒரு மாணவன், "அவருக்கு வேறு வேடம் கொடுத்திருந்தால் இதைப் போட்டிருப்பாரா?" என்று கேட்டான். அதைவிட நல்ல கேள்வியை நான் இதுவரை கேட்டதில்லை.

பதின்மூன்று வயதில் நடந்த முதல் திருமணத்தையும் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அது நிலைக்கவில்லை. "பேக்கர்" என்ற பெயர், பதினைந்து வயதில் மணந்த இரண்டாம் கணவரிடமிருந்து வந்தது.

வரலாற்று மாணவி எழுதியது:

ஆசிரியை அவர்கள் குடியேற்ற நாடுகளைக் குறிப்பிட்டது எனக்கு நிறைவளிக்கிறது. பல நூல்கள் அமெரிக்காவை நரகமாகவும் பிரான்சைச் சொர்க்கமாகவும் தீட்டிவிடுகின்றன. பேக்கருக்குப் பாரிஸில் உணவகத்தின் முன்வாசல் திறந்தது என்பதும், அதே பிரான்ஸ் கடல் கடந்த நாடுகளில் கறுப்பின மக்களைக் கட்டாய வேலைக்குப் பிடித்தது என்பதும் ஒரே காலத்து உண்மைகள். இரண்டையும் அடுத்தடுத்த வாக்கியங்களில் எழுதுங்கள்.

பழைய நூலகர் எழுதியது:

போர்க்காலத்தை எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று தெரியவில்லை. பிள்ளைகளுக்கு உளவு என்றாலே துப்பாக்கியும் துரத்தலும்தான் நினைவுக்கு வரும். பேக்கருடைய உளவு வேலையின் அழகு, அது அவருடைய தொழிலோடு ஒட்டியிருந்ததில் இருக்கிறது. 1937ல் அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றார். 1939ல் பிரெஞ்சு ராணுவ உளவுத் துறையின் ழாக் அப்தே அவரை அணுகினார். தூதரக விருந்துகளுக்கு அவருக்கு அழைப்பு வரும். அங்கே அதிகாரிகள் ஒரு புகழ்பெற்ற பாடகியின் முன்னால் தயக்கமின்றிப் பேசுவார்கள். பிரான்ஸ் ஜெர்மனியிடம் வீழ்ந்த பிறகும் கச்சேரிக்காக என்று சொல்லி எல்லை கடக்க அவரால் முடிந்தது. அப்தே அவருடைய செயலாளர் என்ற போர்வையில் உடன் சென்றார். 1940 இறுதியில் லிஸ்பனுக்குப் போனபோது, செய்திகள் அவருடைய இசைத்தாள்களில் கண்ணுக்குத் தெரியாத மையால் எழுதப்பட்டிருந்தன. சுங்க அதிகாரிகள் அந்தப் பெட்டியைத் திறந்திருந்தாலும், பாடகி ஒருவர் பாட்டுத் தாள்களோடு பயணம் செய்வதில் யாருக்கு என்ன ஐயம் வரும்? சில குறிப்புகளை உள்ளாடையில் ஊசியால் குத்தி மறைத்துக்கொண்டார். தம்மைச் சோதனையிட யாரும் துணியமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

அதன்பின் மொராக்கோ. 1941ல் காசபிளாங்காவில் கடும் நோய்வாய்ப்பட்டு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு மருத்துவமனையில் கிடந்தார். இறந்துவிட்டார் என்றே அமெரிக்காவில் செய்தி பரவி, இரங்கல் எழுதியவர்களும் உண்டு. எழுந்தவுடன் வட ஆப்பிரிக்காவெங்கும் நேச நாட்டுப் படை முகாம்களில் ஊதியம் வாங்காமல் பாடினார். பிரெஞ்சு விமானப்படையின் மகளிர் துணைப் பிரிவில் அதிகாரி நிலை பெற்றார். 1946ல், ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்தவர்களுக்கான எதிர்ப்பியக்கப் பதக்கம் வழங்கப்பட்டது. அந்தச் சீருடையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மேடை அனுபவசாலி எழுதியது:

எனக்கு அவருடைய வாழ்க்கையில் மிகவும் பிடித்த ஆயுதம் ஒப்பந்தத் தாள். இதை எந்தச் சிறுவர் நூலும் விரித்துச் சொல்லவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். 1948ல் அப்போதைய கணவரோடு நியூயார்க் போனபோது 36 விடுதிகள் அவருக்கு அறை தர மறுத்தன. கணவர் வெள்ளையர், இவர் கறுப்பினத்தவர். உலகமே அறிந்த பாடகிக்கே இந்த நிலை என்றால் மற்றவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்ப்பதற்காக, வேறு பெயரில் தென்மாநிலங்களுக்குப் பயணம் போனார்.

1951 தொடக்கத்தில் மியாமியின் கோப்பா சிட்டி என்ற கேளிக்கை விடுதி அவரை அழைத்தது. வாரத்துக்கு 10,000 டாலர் தருவதாகச் சொன்னார்கள். அந்த நகரத்தில் கறுப்பினக் கலைஞர் மேடையில் பாடலாம், ஆனால் கறுப்பின ரசிகர் உள்ளே வந்து அமர முடியாது. பேக்கர் மறுத்துவிட்டார். யார் வந்தாலும் நிறம் பார்க்காமல் அமர வைக்க வேண்டும் என்று எழுத்தில் தந்தால் மட்டுமே பாடுவேன் என்றார். விடுதி இறங்கி வந்தது. இது எப்படி நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்குங்கள்: விடுதிக்குப் பாரிஸிலிருந்து வந்த நட்சத்திரம் வேண்டும், நட்சத்திரத்துக்குப் பணம் இரண்டாம்பட்சம், வேண்டாம் என்று சொல்லக்கூடியவரின் கையெழுத்துக்கு விலை உண்டு. அதன்பிறகு அமெரிக்கப் பயணம் முழுவதும் இதே நிபந்தனையை வைத்தார். ஒரு நகரம் மறுத்தால் அந்த நகரத்துக்குப் போகவில்லை. அந்த ஆண்டு மே 20 அன்று நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்களின் உரிமைச் சங்கம் அவர் பெயரால் ஒரு நாளையே கொண்டாடியது.

வரலாற்று மாணவி எழுதியது:

அதற்கு அவர் கொடுத்த விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1951 அக்டோபர் 16 அன்று நியூயார்க்கின் ஸ்டார்க் கிளப் என்ற உணவு விடுதியில் உணவு கேட்டுவிட்டு ஏறத்தாழ ஒரு மணி நேரம் காத்திருந்தார், வரவில்லை. எழுந்து போய்த் தொலைபேசியில் முறையிட்டார். அன்று அங்கே இருந்த நடிகை கிரேஸ் கெல்லி அவரோடு வெளியேறினார் என்று சொல்லப்படுகிறது. வால்டர் வின்ச்செல் என்ற செல்வாக்கு மிக்க பத்தி எழுத்தாளரும் அப்போது விடுதியில் இருந்தார். அவர் வாய் திறக்கவில்லை என்று பேக்கர் குற்றம் சாட்ட, அவரோ தம் பத்தியில் பேக்கரைப் பொதுவுடைமைக்காரர் என்றும் வேறு பலவாகவும் தூற்றினார். நிகழ்ச்சிகள் ரத்தாயின, அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. அவர் மீது கோப்பு திறந்தது, பல ஆண்டுகள் அந்த நாட்டுக்குள் நுழைவதே கடினமாயிற்று. வேண்டாம் என்று சொல்வதற்கும் செலவு உண்டு என்பதைப் பிள்ளைகள் அறியட்டும்.

பன்னிரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்ததையும் பளிங்குச் சிலைபோல எழுதாதீர்கள். ஜப்பான், ஃபின்லாந்து, கொலம்பியா, ஐவரி கோஸ்ட் எனப் பல நாடுகளிலிருந்து வந்தவர்களைத் தோர்தோஞ் பகுதியிலுள்ள மிலாந்த் மாளிகையில் உடன்பிறந்தவர்களாக வளர்த்தார். வேறுபட்ட நிறத்தவர் ஒரே குடும்பமாக வாழ முடியும் என்று உலகுக்குக் காட்ட விரும்பினார். அதே மாளிகைக்குச் சுற்றுலாப் பயணிகள் பணம் கட்டி உள்ளே வந்து அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். உங்கள் வாசகர்கள் தங்களைப் பேக்கரின் இடத்தில் வைத்துப் பார்க்கமாட்டார்கள். அந்தப் பிள்ளைகளின் இடத்தில்தான் வைத்துப் பார்ப்பார்கள். அதனால் இதை மழுப்ப முடியாது.

ஆறாம் வகுப்பு ஆசிரியை எழுதியது:

முற்றிலும் உண்மை. கடன் ஏறி 1969ல் அந்த மாளிகையிலிருந்து வெளியேற்றப்பட்டபோது, சமையலறை வாசல் படியில் மழையில் அமர்ந்திருந்த அவருடைய புகைப்படம் ஒன்று இருக்கிறது. தலையில் ஒரு தொப்பி, காலருகே சில பொருட்கள். என் மாணவர்கள் மிக நீண்ட நேரம் பார்த்த படம் அதுதான். பிறகு மொனாக்கோ இளவரசியாகியிருந்த அதே கிரேஸ் கெல்லி குடியிருக்க ஒரு வீடு கிடைக்க உதவினார் என்று சொன்னபோது, "கிளப்பிலிருந்து கூடவே வெளியே வந்தவரா?" என்று உடனே கேட்டார்கள்.

கதைசொல்லி எழுதியது:

இரண்டு நாட்களாக உங்கள் பதிவுகளை வைத்துக்கொண்டு படியை முழுவதும் கலைத்து எழுதினேன். முதல் அத்தியாயம் இப்போது 1963 ஆகஸ்ட் 28ல் தொடங்குகிறது. வாஷிங்டனில் லிங்கன் நினைவு மண்டபத்தின் முன் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள். ஐம்பத்தேழு வயதுப் பெண் ஒருவர், கண்ணாடி அணிந்து, பிரெஞ்சுப் படையின் சீருடையில், மார்பில் பதக்கங்களோடு ஒலிபெருக்கியின் முன் வருகிறார். அரசர்களின் அரண்மனைகளுக்குள் போயிருக்கிறேன், ஆனால் அமெரிக்காவில் ஒரு ஓட்டலுக்குள் போய் ஒரு கோப்பைக் காப்பி குடிக்க முடியவில்லை என்கிறார். தம் குழந்தைப் பருவத்துத் தீயைப் பற்றிப் பேசுகிறார். அந்த வரியிலிருந்து அத்தியாயம் பாலத்துக்குப் போகிறது. "என்று அவர் சொன்னார்" என்ற சொற்களும் இருக்கின்றன. பாலத்திலிருந்து வரிசையின் கடைசிப் பெண்ணுக்கு, அவளிடமிருந்து பாவாடைக்கு, இசைத்தாளுக்கு, ஒப்பந்தத் தாளுக்கு.

அன்றைய மேடையில் பெண்களுக்குக் கிடைத்த நேரம் எவ்வளவு குறைவு என்பதையும் சேர்த்திருக்கிறேன். உரிமைப் போராளி டெய்சி பேட்ஸ் சில வரிகளே பேசினார். நீண்ட நேரம் பேசிய பெண் பேக்கர். முகப்பிலிருந்து "மாறியவர்" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். அந்தச் சிறுமியிடம் நேற்று புதிய முதல் அத்தியாயத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, சீருடையை ஏன் அன்று போட்டுக்கொண்டார் என்று கேட்டாள். நானே பதில் சொல்லவில்லை; ஐந்தாம் அத்தியாயம் வரை பொறுத்திரு என்றேன்.

ஓர் உதவி மட்டும் தேவை. கடைசி அத்தியாயத்துக்கு ஓவியர், பிரான்ஸ் தன் பெருமைக்குரியவர்களைப் போற்றும் பாரிஸ் நினைவு மண்டபமான பந்தியோனுக்குள் பேக்கர் கொண்டு செல்லப்பட்ட நிகழ்ச்சியை வரைய விரும்புகிறார். அன்று சுமந்து சென்ற சவப்பெட்டியில் என்ன இருந்தது என்பதில் எங்களுக்குள் குழப்பம்.

வரலாற்று மாணவி எழுதியது:

உடல் இல்லை. 1975 ஏப்ரல் 8 அன்று பாரிஸின் பொபினோ அரங்கில், மேடை வாழ்வின் ஐம்பது ஆண்டுகளைக் கொண்டாடும் நிகழ்ச்சி தொடங்கியது; நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 12 அன்று அவர் இறந்தார். மொனாக்கோவில் அடக்கம் செய்யப்பட்டார், இன்றும் அங்கேதான் இருக்கிறார். 2021 நவம்பர் 30 அன்று பந்தியோனுக்குள் கொண்டு செல்லப்பட்ட பெட்டியில் இருந்தது நான்கு இடங்களின் மண்: செயின்ட் லூயிஸ், பாரிஸ், மிலாந்த், மொனாக்கோ. அங்கே இடம்பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். ஓவியரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: பெட்டியைத் தோளில் சுமந்தவர்கள் பிரெஞ்சு விமானப்படையினர். ஆகவே முதல் அத்தியாயத்தில் அவருக்குப் போட்ட சீருடையின் நிறமும் இவர்களுடைய சீருடையின் நிறமும் பொருந்தி வரும்படி பார்த்துக்கொள்ளட்டும்.